நடுவில் ஒரு திட்டு

அறுபத்து மூன்று மணி இருபது நிமிடம்.

நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது திரையின் மூலையில் இந்த எண் இருந்தது. வடக்குப் பீடபூமியில் ஒருவருடைய வண்டி உறைந்த ஆற்றைக் கடக்கும்போது பனித்தகடு உடைந்து உள்ளே போய், அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. அவர் வெளியே குதித்துவிட்டார். உடம்போடு இருந்தவை மட்டும் தப்பின. ஒரு வெப்ப உடை, வானொலி, கைத்தடி, இரண்டு பொட்டலம் உலர்ந்த உணவு. பிறகு இரண்டரை நாள் பனிப்புயல். ஒரு பாறையடியில் ஒடுங்கிக் கிடந்திருக்கிறார். இன்று காலையில்தான் காற்று தணிந்தது.

வெப்ப உடையின் பேட்டரி எழுபத்தெட்டு மணி நேரம் தாங்கும். மீதம் பதினான்கு மணி நாற்பது நிமிடம். அது தீர்ந்த பிறகு அந்தக் குளிரில் ஒரு மனிதர் ஒரு மணி நேரம் இருப்பார். சிலர் ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் பணியில் இருந்தவர் ஒரே வரி எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். 'வலது கணுக்காலில் வீக்கம். நிறையப் பேசுகிறார். பயம் இல்லை.'

"வழிகாட்டி ஒன்பது பேசுறேன். கேக்குதா?"

"கேக்குது. குரல் மாறிப்போச்சே. முன்ன பேசிட்டிருந்த தம்பி எங்க?"

"ஷிப்ட் முடிஞ்சிட்டு."

மறுமுனையில் சிரிப்பு வந்தது. "முடிஞ்சிட்டா! நம்ம பக்கத்துப் பேச்சால்லா இது. எந்த ஊரு தாயி நீ?"

பேரும் ஊரும் சொல்லக்கூடாது என்பது விதி. மேஜைமேல் பதிவு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "தாழையூத்து" என்றேன்.

"நான் முக்கூடல். ஆவுடையப்பன். இம்புட்டுத் தொலைவு வந்து சாவக் கெடக்கேன், பேச்சுத்துணைக்கு மட்டும் பக்கத்து ஊரு ஆளு கெடைக்குது பாரு."

"சாவ மாட்டீங்க அண்ணாச்சி."

"அது சரி. நீங்க அப்படித்தான சொல்லணும். அதுக்குத்தான சம்பளம்."

எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. நிலவியல் படித்துவிட்டு வரைபடப் பிரிவில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு வருடம் மலைகளோடு மட்டும் வேலை பார்த்தேன். மலைகள் திரும்பக் கேள்வி கேட்பதில்லை. வழிகாட்டிப் பிரிவுக்கு ஆள் தேடியபோது, இந்தக் குரலைக் கேட்டால் தொலைந்தவர்களுக்குப் பதற்றம் குறையும் என்று சொல்லி என்னை மாற்றிவிட்டார்கள். தொலைந்தவர் எந்த மொழி பேசுகிறாரோ அந்த மொழிக்காரரிடம் இணைப்பு வரும். முகம் தெரியாது. அவருடைய வானொலி ஒரு புள்ளியாக வரைபடத்தில் நகரும். அந்தப் புள்ளியைப் பிடித்து, பள்ளம் மேடு சொல்லி, சாலைவரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதுவரை நாற்பத்தாறு பேரைச் சேர்த்திருக்கிறேன்.

"இப்ப எனக்கு என்ன தெரியுதுன்னா, பத்தடி தெரியுது" என்றார் ஆவுடையப்பன். "அதுக்கு மேல வெள்ளை. மேகத்துக்குள்ள இருக்கேன் போல. நீதான் கண்ணு. சொல்லு, எங்கிட்டுப் போகட்டும்?"

"வழி எடுக்கிறேன். ஒரு நிமிஷம்."

இயந்திரம் இரண்டு வழிகள் காட்டியது. முதலாவது மலைமுகட்டைச் சுற்றிப் போவது, முப்பத்தொரு கிலோமீட்டர். அந்தக் காலோடு அவருக்கு இரண்டு நாளாகும். இரண்டாவது நேராக இறங்குவது, ஒன்பது கிலோமீட்டர். பத்து மணி நேரம் போதும். முடிவில் சாலையோரம் சூடேற்றிய குடில் இருக்கிறது. இயந்திரம் இரண்டாவதைப் பச்சைக் கோடாகப் போட்டது.

கோடு எந்தக் கட்டங்கள் வழியாகப் போகிறது என்று பார்த்தேன். 7-112. 7-113. 7-114.

கையைச் சுட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம் பொறுங்க. சரிபாத்துட்டு வாரேன்."

"நல்லா பாரு. நான் எங்க ஓடிறப்போறேன்?"

*

ஜெசிந்தா மேடத்தின் அறைக்கதவு திறந்திருந்தது. எங்கள் மையத்தின் பொறுப்பாளர். மூன்று வருடம் முன்பு வரைபடப் பிரிவிலும் அவர்தான் எனக்கு மேலாளர்.

"மேடம், பாதை ஏழு-நூத்திப்பதினாலு வழியாப் போகுது."

"போகட்டும்."

"அது ஓட்டை மேடம்."

அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

ஓட்டை என்பது எங்களுக்குள் புழங்கும் சொல். பீடபூமியை விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி அளந்தார்கள். ஒளி தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரம் கணக்கிடுவது. பெரும்பாலான இடங்களில் திரும்பி வந்தது. சில இடங்களில் வரவில்லை. கறுப்புப் பாறை விழுங்கியிருக்கலாம், ஈரப்பனி சிதறடித்திருக்கலாம், அடியே இல்லாத ஆழமாக இருக்கலாம். காரணம் தெரியாது. ஒளி வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். வரைபடத்தில் அந்த இடம் வெறும் கறுப்பாக இருக்கும்.

வடக்கு மண்டலத்தில் அப்படி முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டைகள் இருந்தன. ஒரு மண்டலத்தில் கையகலம்கூட விடுபடாமல் அளந்தால்தான் அதை 'அறியப்பட்ட நிலம்' என்று அறிவிக்க முடியும். அறிவிக்கப் பதினொரு நாள் இருந்தது. விமானம் மறுபடி போக அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்து அடைத்தேன். பக்கத்துக் கட்டத்தின் சரிவை இழுத்து நீட்டி, விளிம்பைத் தேய்த்து, கொஞ்சம் சொரசொரப்பு தூவி. என் ஒட்டுகள் நன்றாக இருந்தன. எது ஒட்டு, எது மலை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காகப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

"யாரு அடைச்சது?" என்றார் மேடம்.

"நான்தான்."

"அப்ப நல்லாத்தான் அடைச்சிருப்ப."

"ஹெலிகாப்டர் கேக்கலாமா மேடம்?"

"அறியப்பட்ட நிலத்துக்கு ஹெலிகாப்டர் கிடையாது, இசக்கி. சட்டம் உனக்குத் தெரியாதா? வரைபடம் இருக்கிற இடத்துக்கு மீட்புக் குழு போகாது. வரைபடந்தான் மீட்பு."

"அது அறியப்பட்ட நிலம் இல்லைன்னு நான் லைன்ல சொன்னா?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சொன்னா என்ன ஆகும்னு நீயே சொல்லிப் பாரு."

"பதிவுல ஏறும். கட்டம் ரத்தாகும். மீட்புக் குழு கிளம்பியே ஆகணும். ஒன்பது மணி நேரத்துல அவர்கிட்ட போயிருவாங்க. இப்பச் சொன்னா சாயந்தரம் நாலு மணி. அவருக்கு ராத்திரி ஒன்பது நாப்பது வரைக்கும் பேட்டரி இருக்கு."

"கட்டம் மட்டுமா ரத்தாகும்? ஒரு கட்டத்துல ஒட்டு இருந்தா மண்டலச் சான்றே போயிரும். நாப்பத்தோராயிரம் சதுர கிலோமீட்டர். நாளைக்கு அங்க எவன் வண்டி கவுந்தாலும் எட்டுப் பேர் ஏறிப் போயாகணும். இந்தச் சட்டம் ஏன் வந்துச்சு? கடைசியா ஒரு ஆளைத் தேடப் போனவங்க எத்தனை பேரு?"

"பதினொரு பேரு."

"எத்தனை பேரு திரும்புனாங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்காரர்" என்றார். கோப்பு எண் சொல்வதுபோலச் சொன்னார். "தேடப்போன ஆளு தானா நடந்து சாலைக்கு வந்து சேந்துட்டான். அது தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறேன், அவர் கழுத்தில் இருக்கும் சங்கிலியைப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

"நாம ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம். அதை நான் பெரிசாச் சொல்லல" என்றார். "நீ ஏன் அந்த இடம் தப்பா இருக்கும்னே நினைக்கிற? லேசர் மட்டும் பாத்தா வரைபடம்? தரைச்சான்று இருக்குல்ல? ஒரு ஆளு நடந்து பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காருல்ல? தப்பா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாரு. எடுத்துப் பாரு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. வரைபடம் முடிந்த பிறகு, ஒவ்வொரு கட்டத்தையும் ஒருவர் நேரில் நடந்து சரிபார்க்க வேண்டும். ஆறு பேர் அந்த வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு எது ஒட்டு என்று தெரியாது. சொல்லக்கூடாது என்றார்கள். சொன்னால் ஒட்டு இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மேடத்தின் திரையிலேயே எடுத்துப் பார்த்தேன். நடையாளர் எண் நான்கு. தேதி மூன்று வருடத்துக்கு முன்பு.

'கட்டம் 7-114. நேரில் நடந்து பார்க்கப்பட்டது. வடக்கு நோக்கிய மென்சரிவு. நடுவில் சமதளமாக ஒரு திட்டு உள்ளது. ஓய்வெடுக்க ஏற்றது. வரைபடத்துடன் ஒத்துப்போகிறது.'

திட்டு என்ற சொல்லில் என் கண் நின்றது.

அந்தத் திட்டு நான் வைத்தது. பக்கத்துக் கட்டத்தில் அது இல்லை. சரிவு ஒரே சீராக நீண்டு பொய்போல இருந்ததால், நடுவில் பத்தடிக்குப் பத்தடி சமமாக்கினேன். அங்கே நடந்து வருகிற யாராவது உட்காருவார்கள் என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்த கடைசிக் கட்டம் அது.

இப்போது ஒருவர் அதை நேரில் பார்த்ததாக எழுதியிருந்தார்.

ஒன்று, அவர் போகவே இல்லை. அல்லது திட்டு உண்மையிலேயே அங்கே இருக்கிறது. சரிவுகளில் திட்டு இருப்பது அதிசயம் இல்லை. பாறை அடுக்குகளின் சாய்வை வைத்து ஊகித்தால் அந்த உயரத்தில் ஒன்று வரலாம். நான் படித்தவள். என் ஊகம் சரியாக இருந்திருக்கலாம். ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

"சரிதான?" என்றார் மேடம்.

"ம்" என்றேன்.

*

"வந்துட்டியா? நீ போன நேரத்துக்கு ஒரு தோசை சுட்டுத் தின்னிருக்கலாம்" என்றார் ஆவுடையப்பன்.

"வழி இருக்கு அண்ணாச்சி. ஒன்பது கிலோமீட்டர்."

"ஒன்பதா? முக்கூடல்லேருந்து எங்க அக்கா வீடு அதைவிடத் தொலைவு. எந்திரிச்சிட்டேன்."

முதல் ஐந்து கிலோமீட்டரும் உண்மையான நிலம். லேசர் பார்த்த நிலம். நான் சொன்ன இடத்தில் சொன்ன பாறை இருந்தது. இடப்பக்கம் முப்பது அடி தள்ளி ஒரு ஓடை என்றேன், கைத்தடியால் தட்டிப்பார்த்து, "இருக்கு, ஐஸா கெடக்கு" என்றார். வலப்பக்கம் ஆள் உயரக் கல் ஒன்று என்றேன். "தொட்டுட்டேன். வணக்கம் சொன்னேன். பதில் சொல்லல. நம்ம ஆபீசுக்காரன் போல" என்றார்.

ஒவ்வொரு முறையும் அவருடைய நம்பிக்கை கூடுவது குரலில் தெரிந்தது. நான் 7-114க்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க என்ன வேலை அண்ணாச்சி உங்களுக்கு?"

"குறிக்கம்பம் பாக்குற வேலை. வானொலிக்கு வச்சிருக்கானுவல்லா, அந்தக் கம்பம். பனி மூடுனா தட்டிவிடணும். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், காலு ரெண்டும் இருந்தாப் போதும். இப்ப ஒண்ணரைதான் இருக்கு."

"ரொம்ப நாளா?"

"கம்பம் ரெண்டு வருசம். அதுக்கு முன்ன வேற." அத்தோடு நிறுத்திக்கொண்டார். பேச்சுக்காரர் அங்கே நிறுத்தியதை நான் கவனித்தேன். கேட்கவில்லை. கேட்க எனக்கு வராது.

பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒரு பொட்டலம் சாப்பிட்டார். பனிக்கட்டி மாதிரி இருக்கிறது என்றார். அவருடைய மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். கடைசி வருடம். "அவட்ட இங்க வண்டி ஓட்டுறேன்னுதான் சொல்லியிருக்கேன். குளிரும்னு சொன்னா ஸ்வெட்டர் பின்னி அனுப்பிச்சு வைப்பா. பின்னத் தெரியாது அவளுக்கு. போன தடவை வந்தது எருமைக்குப் போட்டாலும் தொளதொளன்னு இருக்கும்."

நான் சிரித்தேன். சிரித்ததும் பதிவில் இருக்கும்.

ஒரு மணிக்கு அவர் வேகம் பாதியாகக் குறைந்தது. கணுக்கால் பூட்ஸுக்குள் முட்டுகிறது என்றார். மூன்றே காலுக்கு 7-113இன் கடைசி வளைவுக்கு வந்தார். அதற்குப் பிறகு என் திரையில் சரிவு மென்மையாக, அழகாக இறங்கியது.

"அண்ணாச்சி, இங்க கொஞ்சம் நில்லுங்க."

"ஏன்?"

"இளைப்பாறிட்டுப் போலாம்."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன் தாயி. இனிமே எப்படி இருக்கு, அதச் சொல்லு."

"சரிவு. மெதுவான சரிவு."

"நடுவுல ஒரு திட்டு வரும்லா?"

என் கை மேஜைமேல் அப்படியே நின்றது. நான் திட்டைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. அவரிடம் வரைபடம் கிடையாது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றார்.

அப்படியென்றால் இருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். சான்று எழுதியவர் பார்த்திருக்கிறார், இவரும் பார்த்திருக்கிறார். இரண்டு மனிதர்கள். மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கியதுபோல மூச்சு வந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த ஜெசிந்தா மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"வரும் அண்ணாச்சி. நானூறு அடியில வரும்."

"அங்க உக்காந்துக்கிடுதேன். ஆமா, ஒண்ணு கேக்கணும். இது லேசர்ல பாத்து வரைஞ்சதுதான? யாரும் சும்மா கையால போட்டதில்லையே?"

பதிவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ம்" என்றேன்.

"அது போதும்" என்றார்.

*

நூறு அடி. தடி தட்டும் சத்தம், மூச்சு, பூட்ஸ் இழுபடும் சத்தம். நூற்றைம்பது. ஒவ்வொரு அடிக்கும் எனக்கு ஒரு வருடம் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் நான் இருக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

இருநூறு அடிவரை அவர் சொன்னது என் திரையோடு ஒத்துப்போனது. இறங்குது, மெதுவாத்தான் இறங்குது என்றார். பக்கத்துக் கட்டத்தின் சரிவு கொஞ்சம் உள்ளே நீண்டிருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இருநூற்றுப் பத்தில் நின்றார்.

"தாயி."

"சொல்லுங்க."

"காத்து கீழேருந்து வருது."

"எங்கேருந்து?"

"கீழேருந்து. முகத்துக்கு. முன்னால சரிவு இருந்தா காத்து இப்படி வராது."

"அசையாதீங்க. தடியால தட்டிப் பாருங்க."

தட்டும் சத்தம் வரவில்லை. தடி எதிலும் படாமல் காற்றை அறுக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"இங்க தரை இல்ல" என்றார். குரலில் வியப்புத்தான் இருந்தது. "ஒரு கல்லு போடுதேன். நீயும் கேளு."

நாங்கள் இருவரும் கேட்டோம். நான் மனதுக்குள் நொடிகளை எண்ணினேன். ஐந்து வரை எண்ணினால் நானூறு அடி. எட்டு வரை எண்ணினால் ஆயிரம். பத்துவரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. லேசருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

"பின்னால வாங்க அண்ணாச்சி. மெதுவா. வந்த தடத்துலயே."

பத்தடி பின்னால் வந்தார். பிறகு விழும் சத்தம். கத்தல் இல்லை, ஒரு பெரிய மூச்சு.

"காலு போச்சு" என்றார். "முன்ன வீக்கம்தான். இப்ப வளைஞ்சு கெடக்கு. இனிமே எழும்ப முடியாது."

திரையின் மூலையைப் பார்த்தேன். எழுபத்திரண்டு மணி நேரம், சரியாக. மணி மூன்று நாற்பது. பேட்டரி இன்னும் ஆறு மணி நேரம். மீட்புக் குழுவுக்கு ஒன்பது மணி நேரம் வேண்டும். காலையில் மேடத்தின் அறையிலிருந்து திரும்பி வந்த கையோடு நான் வாயைத் திறந்திருந்தால், இன்னும் இருபது நிமிடத்தில் அவர் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டிருக்கும்.

மேடம் உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்றார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தாயி, இருக்கியா?"

"இருக்கேன்."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பதிவாவுதுன்னு தெரியும். ஆகட்டும். கம்பம் பாக்குறதுக்கு முன்ன நான் தரைச்சான்று வேலை பாத்தேன். நாலாம் நம்பரு. இந்தக் கட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆனா நான் இங்க வரல. அன்னைக்கும் இதே மாதிரி மேகம். கூட வந்தவனுக்கு மூச்சு முட்டல். கூடாரத்துக்குள்ள உக்காந்து உங்க வரைபடத்தைப் பாத்தேன். மென்சரிவு, நடுவுல ஒரு திட்டு. பாக்கவே லட்சணமா இருந்துச்சு. பாத்ததை அப்படியே எழுதிட்டேன். நான் ஒருத்தன் பாக்காட்டா என்ன, லேசர் பாத்திருக்குல்லான்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் பண்ணுனோம். எல்லாக் கட்டமும் இல்ல, போக முடியாத கட்டத்துக்கு."

போக முடியாத கட்டங்கள். முந்நூற்றுப் பதினெட்டு.

"ஒன்பது கிலோமீட்டர்னு நீ சொன்னப்பவே இந்தக் கட்டத்து வழிதான்னு புரிஞ்சுபோச்சு. அதான் திட்டு வரும்னு எனக்குத் தெரியும்" என்றார். "வாழ்நாள்ல ஒரு தடவ அந்தத் திட்டுல உக்காந்துட்டா, போட்ட கையெழுத்து நிஜமாயிரும்னு காலைலேருந்து நெனச்சிட்டே வந்தேன்."

என்னிடம் மிச்சம் இருந்தது அந்த 'ம்' மட்டும்தான்.

"எம்மா. நீ படிச்ச பிள்ள. உன்ட்ட கேக்குதேன்." குரல் இறங்கியிருந்தது. குளிர் பேச்சை மெதுவாக்கும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "மூணு வருசத்துல ஒரு மலை இப்படி வாயைப் பொளந்துருமா? நிலநடுக்கம் எதுவும் வந்திருக்குமோ? அன்னைக்கு நான் வந்து பாத்திருந்தா, இங்க சரிவு இருந்திருக்கும்லா? லேசர் பாத்துச்சுல்லா?"

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மேடம் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். 'ஆமாம் என்று சொல். நிம்மதியாக இருப்பார்.' நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஆமாம் என்பது ஒரு சொல். அதைவிடச் சின்னதாக ஒரு ஒலிகூடப் போதும். ஆவுடையப்பன் கேட்பது அவ்வளவுதான். மலை உடைந்துவிட்டது, யாருடைய தப்பும் இல்லை. மிச்சம் இருக்கும் ஆறு மணி நேரத்துக்கு அது போதுமானதாக இருக்கும். மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நாளைக்கு வேறொருவர் வேறொரு மேகத்துக்குள் நின்று, எந்தப்பக்கம் போகட்டும் என்று கேட்பார். நான் முந்நூற்றுப் பதினேழு இடங்களில் ஏதாவது ஒன்றைப் பார்த்து, மெதுவான சரிவு என்று சொல்வேன்.

"தாயி? லைன் போயிட்டா?"

"இருக்கேன் அண்ணாச்சி." விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. "என் பேரு இசக்கியம்மாள். மூணு வருசத்துக்கு முன்ன நான் வரைபடப் பிரிவுல இருந்தேன்."

"நல்ல பேரு" என்றார்.

"மலை உடையல அண்ணாச்சி. அது எப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும். லேசருக்கு அங்க எதுவுமே தெரியல. அந்தச் சரிவையும் அந்தத் திட்டையும் நான்தான் வரைஞ்சேன்."